தோட்கப்படாத செவியும் தோளா மணியும்

தமிழ்ச் சொற்களுள் சில, நாள்தோறும் வழங்கும் சொற்களின் கூட்டத்திலிருந்து விலகி, ஒரேயொரு செய்யுளின் தயவினால் உயிர்வாழ்கின்றன. அச்செய்யுளைப் பிள்ளைகள் மனனஞ் செய்யாது விட்டால் அச்சொல்லும் அகராதிக்குள்ளே ஒடுங்கிவிடும். 'தோட்கப்படாத' என்பது அத்தகைய சொல். திருக்குறளின் கேள்வி அதிகாரத்திலே, 418ஆங் குறளின் ஈற்றடியில் அது நிற்கிறது. பரீட்சைக்காகக் குறள் படித்தவர் எவரும் அதற்குத் 'துளைக்கப்படாத' என்று பொருள் சொல்வர். அதற்கப்பால் அதைப்பற்றி எண்ணிப் பார்த்தவர் சிலரே.

வெள்ளவத்தையிலே ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடிக் குறள் படிப்பது வழக்கம். இதற்குச் சங்கம் என்று பெயருமில்லை, தலைவரும் செயலாளருமில்லை, தேநீர் மட்டும் உண்டு. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர், செட்டியார் தெரு நகைக்கடையொன்றிலே நெடுங்காலம் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர், உயர்தர வகுப்பிலே தமிழைப் பாடமாக எடுத்த மாணவியர் இருவர் ஆகியோர் தவறாது வருவர். கேள்வி அதிகாரம் படித்த அன்று மாணவியருள் ஒருத்தி கேட்டாள்: "சேர், இது துளைக்காத காதோ, துளைக்கேலாத காதோ?"

உரைகளிலே விடை தேடியபோது எனக்கு நேர்விடை கிடைக்கவில்லை. ஆனால் வினா நல்ல வினா. பேச்சுத் தமிழிலே ஓரெழுத்துக் கூட்டத்தால் ஏற்படும் வேறுபாடு பெரியது. குத்தாத காது என்றால் இன்னும் குத்தவில்லை என்பது பொருள். தை பிறந்ததும் நாட்பார்த்துக் குத்தலாம். குத்தேலாத காது என்றால் கதை முடிந்தது. வள்ளுவர் எதைச் சொன்னார்? ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது வெறும் இலக்கண வினாவன்று. நம் வகுப்பறைகளிலே நாள்தோறும் பிள்ளைகளைப்பற்றி நாம் வழங்கும் தீர்ப்புகள் இவ்விரண்டினுள் ஒன்றாகவே அமைகின்றன.

முதலிலே சொல்லை நோக்குவோம். தோள் என்றவுடன் நமக்கு உடலுறுப்பே நினைவுக்கு வரும். ஆனால் துளைத்தல், தோண்டுதல் என்னும் பொருளிலே தோள் என்றொரு வினையடி பண்டைத் தமிழில் இருந்தது. துளை, தொளை, தொள்ளை என்பன அதன் சுற்றத்தார். பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி இவற்றை ஒரு குடும்பமாகவே காட்டும். தோள் என்னும் வினை கேள் என்னும் வினையைப் போலவே திரியும். கேள், கேட்டு, கேட்க. தோள், தோட்டு, தோட்க. வள்ளுவர் கேள்வியைச் சொல்லும் குறளிலே இவ்வினையைத் தேர்ந்தமைக்கு எதுகையும் ஒரு காரணம் என்பது வெளிப்படை. 'கேட்' என்று தொடங்கும் அடிக்குத் 'தோட்' என்று தொடங்கும் அடி பொருந்துகிறது. ஆனால் எதுகைக்காக மட்டும் ஒரு சொல்லை இழுத்துவரும் புலவரல்லர் அவர். இரு வினைகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல அருகருகே நிற்க, கேட்பதும் துளைபடுவதும் ஒரே செயலின் இரு பெயர்கள் என்னும் எண்ணம் நம்மையறியாமலே உண்டாகின்றது.

காதில் அணியும் தோடும் இந்தத் தோளிலிருந்து பிறந்ததோ என்று கணித ஆசிரியை கேட்டார். கேட்கத் தோன்றும், ஆயினும் அது பொருந்தாது. தோடு என்பது ஓலை, இதழ் என்னும் பொருளுடைய வேறு சொல். பனையோலையைச் சுருட்டிக் காதிற் செருகிய காலத்தின் நினைவு அது. பின்னர் பொன்னாற் செய்தபோதும் பெயர் ஓலையின் பெயராகவே நின்றுவிட்டது.

இனிக் குறளின் கருத்து. செவிக்கு இயல்பாகவே துளை உண்டு. அத்துளையினூடே ஓசை போகிறது, மனிதனும் கேட்கிறான். அப்படியிருக்க, கேள்வியினால் துளைக்கப்படாத செவி கேட்டாலும் கேளாத தன்மையது என்கிறார் வள்ளுவர். பிறப்பிலே வந்த துளை ஒரு துளையே அன்று என்பது இதன் குறிப்பு எனப் பரிமேலழகர் எடுத்துக் காட்டுவார். நுண்பொருள் மனத்துக்குட் செல்லும் வழியைக் கேள்வி என்னும் கருவிதான் குடைந்து தரவேண்டும் என்பது அவர் விளக்கத்தின் சாரம். 1886இல் குறளை ஆங்கிலச் செய்யுளாக்கிய போப் ஐயர், துளைத்தல் என்பதை விட்டுத் திறத்தல் என்னும் பொருள்பட மொழிபெயர்த்தார். ஓசை நயத்துக்காக இருக்கலாம். ஆனால் அதனால் ஒன்று கைநழுவிப் போயிற்று. கதவு ஏற்கெனவே இருந்தாற்றான் திறக்கலாம். துளைப்பவனுக்குக் கதவு கிடையாது; கருவியும் பொறுமையுமே உண்டு. கல்வி அதிகாரத்திலே வள்ளுவர் காட்டும் மணற்கேணியும் இவ்வினத்ததே. அங்கே மணலைத் தோண்டுகிறார். இங்கே செவியைத் தோட்கிறார்.

நம்மூர்ப் பேச்சிலே இது தலைகீழாய்ப் போயிருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குக் காது குத்தப் பார்க்கிறாயா என்றால் ஏமாற்றப் பார்க்கிறாயா என்பது பொருள். காதிலே பூச் சுற்றுவதும் அதுவே. வள்ளுவர் அறிவு செல்லும் வழியாகக் கண்ட துளையை நாம் பொய் செல்லும் வழியாக்கிக்கொண்டோம்.

இனி இச்சொல்லின் மறுபக்கத்துக்கு வருவோம். அதே வினையடியிலிருந்து 'தோளா' என்னும் சொல் பிறந்தது. தோளாத என்பதன் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் அது. தோளா மணி, தோளா முத்து என வரும். மணி எதையும் துளைப்பதில்லை. எனவே தோளா மணி என்பது பிறரால் துளைக்கப்படாத மணி. உண்ணாத சோறு, படிக்காத புத்தகம் என்பனபோல, பெயரெச்சம் இங்கே செயப்படுபொருளைக் கொண்டு முடிந்தது. மாணவர் இதைப் பிரித்தறியாது இடர்ப்படுவதுண்டு. தோளில் அணியும் மணி என்று ஒருவர் விடை எழுதியிருந்ததை நானே கண்டிருக்கிறேன். எழுதியவர் தோளணி, வாகுவலயம் முதலியவற்றையும் சேர்த்து அரைப்பக்கம் விளக்கியிருந்தார். புள்ளி கொடுக்க வழியில்லாவிட்டாலும் கற்பனையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

திருக்கோவையாரிலே தலைவியைத் தோளாமணி என்று விளிக்கும் இடமொன்று உண்டு. பிறர் கை படாதவள், மாசற்றவள் என்பது கருத்து. வடமொழியிலே காளிதாசரும் சாகுந்தல நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், துஷ்யந்தன் வாயிலாகச் சகுந்தலையைத் துளையிடாத இரத்தினத்துக்கு ஒப்பிடுகிறார். ஆகவே துளைக்கப்படாமை என்பது செவிக்குக் குற்றம், மணிக்குக் குணம். ஒரே எதிர்மறை ஓரிடத்தில் வசையாகவும் ஓரிடத்தில் வாழ்த்தாகவும் நிற்கிறது.

ஆனால் காளிதாசரே இரகுவமிசத்தின் தொடக்கத்தில் வேறொன்று கூறுகிறார். முன்னைப் புலவர்கள் வழி திறந்துவிட்ட குலத்தைப் பாடப் புகும் தம்மை, வச்சிரத்தாலே துளையிட்ட மணிக்குள் செல்லும் நூலுக்கு அவர் ஒப்பிடுகிறார். இங்கே துளைபட்ட மணிதான் புகழப்படுகிறது. சகுந்தலையைக் கண்ட அரசன் உடைமையாக்கிக்கொள்ள விரும்புகிறவன். அவனுக்குத் துளையாத மணி வேண்டும். இரகுவமிசப் புலவரோ கோக்க விரும்புகிறவர். அவருக்குத் துளைத்த மணி வேண்டும். ஆசிரியர் எவ்வகையினர் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உவமையை விட்டு உண்மை முத்துக்கு வந்தால் இன்னொன்று புலனாகும். நம் நாட்டிலே மன்னார்க் கடலின் முத்துப் பார்கள் பழம்பெருமை வாய்ந்தவை. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் பெயர்களை அறியாத முத்து வணிகர் ஒருகாலத்தில் இந்துமாகடலோரத்தில் இருந்திரார். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதில் மயங்கியே அடுத்த ஆண்டு ஒரு கம்பனி அப்பார்களை, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம், இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் அதற்கு நல்ல குளிப்பே வாய்க்கவில்லை. அது வேறு கதை.

எடுத்த முத்தைத் தரம்பிரித்த முறையே நமக்கு இங்கு வேண்டுவது. பித்தளையாற் செய்த பத்துச் சல்லடைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பயன்பட்டன. முதற் பெட்டியில் இருபது துளை. கடைசிப் பெட்டியில் ஆயிரம் துளை. எந்தப் பெட்டியின் துளையில் நழுவாது தங்குகிறதோ அதுவே முத்தின் பருமனைக் காட்டும். பின்னர் உருவும் ஒளியும் நோக்கி ஆணி முதல் தூள் ஈறாகப் பெயரிடுவர். துளைக்கப்படாத முத்தை அளந்தறியவும் துளையே வேண்டியிருந்தது.

துளையிடும் தொழிலை 1803இல் வெளிவந்த தம் இலங்கை நூலிலே பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படைத்துறையாளர் நேரிற் கண்டபடி வருணித்திருக்கிறார். மூன்று கால்களில் நிற்கும் மென்மரக் கட்டை. கவிழ்த்த கூம்பின் வடிவினது. அதன் மேற்றளத்திலே குழிகள். குழியில் முத்தைப் பதித்து, ஊசிபோன்ற இரும்புத் துரப்பணத்தை அதன்மேல் நிறுத்தி, இடக்கையால் அழுத்தி, வலக்கையால் வில்லை இழுத்துச் சுழற்றுவர். வேலை நடக்கும்போதே சுண்டுவிரலைச் சிரட்டைத் தண்ணீரிலே தோய்த்து முத்தை நனைத்துக்கொள்வர். கையின் ஏனைய விரல்கள் வில்லை நிறுத்துவதில்லை.

இதை வாசித்தபோது செட்டியார் தெருப் பெரியவர் சிரித்தார். "முத்தைத் துளைக்கிறது என்ன பெரிய வேலையே, தம்பி? உடையாமல் துளைக்கிறதுதான் வேலை." அவர் கூறியது கனிப்பொருளியலுக்கும் ஒத்தது. மோசின் வன்மை அளவீட்டிலே வைரம் 10. நீலமும் மாணிக்கமும் 9. முத்தோ ஏறக்குறைய 2.5இலிருந்து 4.5 வரை. எனவே முத்து துளைக்க இயலாத பொருளே அன்று. அதன் இரு புறமிருந்தும் துளைத்து நடுவிலே சந்திக்க விடுவது, மறுப்பக்கம் சிதறாதிருத்தற்காக. மேற்பரப்பிலே மறுவொன்று இருந்தால் துளையை அவ்விடத்திலேயே இடுவார்கள். துளையோடு மறுவும் போய்விடும். பெரியவர் இதைக் கூறியபோது ஆசிரியை தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆகவே தோளா முத்து என்பது துளைக்க முடியாத முத்தன்று. துளைக்காமல் விட்ட முத்து. தோட்கப்படாத செவியும் அவ்வாறே எனின், மாணவியின் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதா? அவ்வளவு எளிதிலன்று. தமிழின் எதிர்மறைப் பெயரெச்சம் ஓர் அழுத்தமான சொல். அதே சமயம் வழுக்கலான சொல். அது காலங் காட்டாது. செய்யாத என்பது நேற்றுச் செய்யாததையும் இன்று செய்யாததையும் நாளை செய்யாததையும் ஒருங்கே குறிக்கும். முக்காலத்தும் இல்லை என்று சொன்னால், இயலாது என்று சொல்வதற்கு அரைச்சாண் தூரமே உண்டு. அழியாத புகழ், அசையாத மலை என்னுமிடங்களில் இயலாமையே பொருள். ஆறாத புண் என்பதோ இரண்டுக்கும் இடையிலே நிற்கிறது. வைத்தியர் சொன்னால் ஒரு பொருள். புண்பட்டவன் சொன்னால் இன்னொரு பொருள்.

வடமொழி இவ்வகையில் கறாரானது. பிளவுபடாதது அபின்னம், பிளக்க முடியாதது அபேத்தியம். அறுபடாதது அச்சின்னம், அறுக்க முடியாதது அச்சேத்தியம். ஆங்கிலமும் சொல்லின் வாலிலே ஓர் ஒட்டைச் சேர்த்து இயலாமையைக் காட்டிவிடும். தமிழுக்கு அவ்வழி இல்லையோ என்றால், உண்டு. அரு என்னும் அடியே அது. அரண் அதிகாரத்திலே வள்ளுவர் கோட்டையின் இலக்கணத்தைக் கூறுமிடத்து, உயரம், அகலம், உறுதி என்பவற்றோடு அருமையையும் ஓர் உறுப்பாக வைக்கிறார். அணுகுதற்கு அருமை, கொள்ளுதற்கு அருமை. பகைவன் உட்புக முடியாமை என்பதைச் சொல்ல அவர் கையாண்ட சொல் அதுவே. செவியைப் பற்றிப் பேசும்போதும் தோட்டற்கு அரிய செவி என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலும், அரிது என்பதுகூட அவரிடத்தில் முடிந்த முடிபன்று. செய்தற்கு அரியவற்றைச் செய்பவரே பெரியவர் என்று நீத்தார் பெருமையிலே முன்னரே கூறிவிட்டார். அரிது எனில் கடினம், ஆகாதது அன்று.

தோட்கப்படாத என்னும் செயப்பாட்டு வினையையும் கவனிக்க வேண்டும். கேள்வியால் என்று கருவியைக் கூறினார். கருவியைக் கையாள வேண்டியவர் யார் என்று கூறவில்லை. கேட்பவனா, கேட்கச் செய்பவனா? பரிமேலழகரும் அவ்விடத்தை நிரப்பவில்லை. குறை செவியிலே காணப்படுகிறது. குறைக்குப் பொறுப்பு செவியின்மேல் ஏற்றப்படவில்லை. இச்சொல்லின் நுட்பம் இங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இதைத் தற்காலச் சொற்களோடு ஒப்பிட்டால் தெளிவாகும். செய்தித்தாளிலே குண்டு துளைக்காத வாகனம் என்று வாசிக்கிறோம். நல்ல தமிழ், எவரும் கற்பியாமலே விளங்கும். துளைக்காதது குண்டு, வாகனம் சும்மா நிற்கிறது. உண்மையில் எக்குண்டும் துளைக்காத கண்ணாடி உலகிலே இல்லை. ஐரோப்பியத் தர அளவையிலே கைத்துப்பாக்கிக்கும் நீள்துப்பாக்கிக்கும் மட்டும் ஏழு படிகள் வகுத்து, இன்ன குண்டு இன்ன வேகத்தில் வந்தால் தாங்கும் என்றே சான்று வழங்குகிறார்கள். செய்பவர்கள் தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். துளைக்காது என்று அடித்துச் சொல்வது விற்பவரும் பத்திரிகையாளருமே.

விஞ்ஞானச் சொல்லுக்கு வருவோம். சுவாமி விபுலாநந்தர் தலைமையிலே 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாடு இவ்வழியைத் தொடக்கிவைத்தது. பின்னர், சுயமொழிக் கல்வி வலுப்பெற்ற 1950, 60களிலே, கொழும்பிலிருந்த அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றின் தமிழைப் பரிகசிப்பது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. நீளமானவை, வாயில் நுழையாதவை என்பர். ஆனால் ஊடுபுகவிடும் இயல்பு, ஊடுபுகவிடாத பாறை, பங்கூடுபுகவிடும் மென்சவ்வு என்னும் தொடர்களைச் சற்று நின்று வாசித்துப் பாருங்கள். நீர் புகாத என்று சொல்லாமல் நீரைப் புகவிடாத என்றார்கள். புகாமை நீரின் செயல். புகவிடாமை பாறையின் இயல்பு. ஒரு பாறை எவ்வளவு நீரைத் தன்னூடே விடும் என்பதை அளந்து எண்ணாற் சொல்லும் விஞ்ஞானத்துக்கு இரண்டாவதே வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மழைநீரைத் தன்னுள்ளே விடுவதாற்றான் குடாநாட்டிலே கிணறுகள் உள்ளன; வன்பாறை விடுவதில்லை. தமிழ்நாட்டிலே ஊடுருவும், ஊடுருவாத என்று வழங்குகிறார்கள். அது நாவுக்கு எளிது. இயல்பு யாருடையது என்பதைக் காட்டுவதில் நம் சொல்லே மேல் என்பது என் துணிபு. நீளத்துக்காக அதைக் கைவிடுவது வீண் சிக்கனம்.

எனினும் பாறைக்குப் பொருந்தும் சொல் பிள்ளைக்குப் பொருந்துமா? ஆசிரியர் ஓய்வறைகளிலே, இவனுக்கு ஏறாது என்றொரு வாக்கியம் உண்டு. மண்டையில் ஏறாது, தலையில் இறங்காது எனப் பல வடிவங்களில் அது வரும். இலக்கணப்படி ஏறாதது பாடம். ஆனால் கேட்பவர் எவரும் பாடத்தைக் குறைகூறுவதாக எண்ணமாட்டார். புகவிடாத பாறையாகவே பிள்ளை மதிக்கப்படுகிறான்.

முன்பு நான் கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றிலே கற்பித்த காலத்தில், எட்டாம் வகுப்பிலே ஒரு பையன் இருந்தான். கடைசி வாங்கு. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத விடை சொல்வான். சொல்வதெழுதலிலே பாதிச் சொற்கள் வேறு சொற்களாய் இருக்கும். பார்த்தெழுதுவதில் பிழையே இராது. இந்த வேறுபாட்டை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய தேர்ச்சி அறிக்கையிலே வகுப்பாசிரியர் ஒருவர் கிரகிக்கும் ஆற்றல் இல்லை என்று எழுதியிருந்தார். அடுத்த ஆண்டின் அறிக்கையிலே வேறொருவர் அதையே எழுதினார். முன்னையதைப் பார்த்தெழுதினார் போலும். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வந்த வைத்தியர் அவன் காதுகளை விளக்குப் பிடித்துப் பார்த்தார். சிறுவயதில் நெடுநாள் சீழ் வடிந்து இரு காதின் செவிப்பறையிலும் துளை விழுந்திருந்தது.

ஓசை உட்செல்வதற்குச் செவிப்பறை துளைபடாதிருக்க வேண்டும். காற்றின் அதிர்வை அது வாங்கி, மூன்று சிற்றென்புகளின் வழியே உட்செவிக்குக் கொடுக்கிறது. தோலிலே துளை விழுந்தால் வாங்கும் ஆற்றல் குறைந்துபோகும். வள்ளுவர் கூறிய துளை அப்பையனுக்கு ஏற்படாதிருந்தமைக்கு, உடலிலே ஏற்பட்ட துளையே காரணம். வைத்தியர் அவனைக் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பினார். ஒரு காதிலே சத்திரசிகிச்சை செய்து சவ்வொட்டினார்கள். நாங்கள் அவனை முன்வாங்கில் இருத்தினோம், முகத்தைப் பார்த்துப் பேசினோம், வேறொன்றும் செய்யவில்லை. சாதாரண தரத்திலே தமிழிலும் வரலாற்றிலும் அவன் நல்ல சித்தி பெற்றான். கணிதத்திலே இரண்டாம் முறைதான் சித்தியடைந்தான்.

அந்த இரண்டு அறிக்கைகளிலும் இருந்த வாக்கியத்தையே நான் பல நாள் எண்ணியதுண்டு. கிரகிக்கவில்லை என்று எழுதியிருந்தால் அது கண்டதைச் சொன்ன வாக்கியம். ஏன் கிரகிக்கவில்லை என்று அடுத்து வருபவர் கேட்க இடமிருக்கும். ஆற்றல் இல்லை என்றதும் கேள்விக்கு இடமில்லாது போயிற்று. இரண்டுக்கும் இடையே ஒரு சொல்லே வேறுபாடு. தேர்ச்சி அறிக்கையிலே குறிப்புக்கென விடும் கட்டம் மிகச் சிறியது. இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது. அங்கே எழுதும் ஆசிரியர்கள், தவணையிலே தாம் கண்ட செயலை எழுதினால் நன்று: வாசிக்கிறான், சொல்வதெழுதலிற் பிழை மிகுதி, செய்முறையைச் சொல்கிறாள், கணக்கை முடிப்பதில்லை. இயல்பையும் ஆற்றலையும் பற்றி எழுதுவதற்கு இரண்டு சொல்லும் போதாது. மூன்று தவணையும் போதாது.

தோட்கப்படாத என்னும் சொல்லை மீண்டும் வழக்கிற் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. துளைக்கப்படாத என்பது போதும். துரப்பணத்தால் சுவரிலே துளையிடுபவரிடம் போய்த் தோட்கவும் என்று சொன்னால் அவர் நம்மை ஒருமாதிரி பார்ப்பார். குறளைக் கற்பிக்கும்போது அச்சொல்லிலே ஒரு நிமிடம் தங்கி, மாணவர் வாயாலேயே துளைக்காத, துளைக்கேலாத என்னும் இரண்டையும் சொல்லச்செய்து, எது என்று கேட்டால் அந்தப் பாடவேளை வீண்போகாது. ஏலாத என்பது இயலாத என்பதன் திரிபு என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். தம் வீட்டுப் பேச்சிலுள்ள சொல் குறளுக்கு உரை காண உதவுகிறது என்பதிலே பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. வெள்ளவத்தை மாணவியர் இருவரிடத்தும் அதைக் கண்டேன்.

எழுத்துப்பற்றி ஒரு குறிப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. கணினியிலும் கைபேசியிலும் தட்டெழுதும் பழக்கம் வந்தபின் லகரமும் ளகரமும் இடம்மாறுவது பெருகிவிட்டது. தோளா என்பதைத் தோலா என்று எழுதினால் அது பிழையான சொல்லாகாது; வேறு சொல்லாகிவிடும். தோலா என்பது தோல்வியுறாத என்று பொருள்படும். தோல், தோற்க, தோள், தோட்க. சூளாமணிக் காப்பியத்தைச் செய்தவர் தோலாமொழித் தேவர். தோல்வி காணாத மொழியை உடையவர். சூளாமணியிலுள்ள மணியை நினைத்துக்கொண்டு அவரைத் தோளாமொழித் தேவராக்கிய விடைத்தாள்களும் உண்டு. செவியைப் பற்றிய சொல்லிலே ளகரம், நாவைப் பற்றிய சொல்லிலே லகரம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மயக்கம் வராது.